சூப் கிண்ணத்தில் குடியேறிய பவளம்

ஜெராம் கடலைப் பார்த்திருப்பீர்கள். தே தாரிக் நிறம், ஆற்றிய பால் டீ மாதிரி. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அந்தத் தண்ணீரை எடுத்துக் கண்ணாடி போலத் தெளிய வைத்து, அதில் பவளம் வளர்த்துக் காட்டியவன் நான். சேறு படிய மூன்று குட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியது நான். நீலப் பீப்பாய்களில் மணல் நிரப்பி வடிகட்டி கட்டியது நான். பதினெட்டுத் தொட்டிகளுக்கும் குழாய் போட்டது, மின்சாரம் போனால் தானே எழுந்து ஓடும் ஜெனரேட்டரை இணைத்தது, பௌர்ணமிக்குக் கூடி அமாவாசைக்கு அணையும் நிலா விளக்கைக் கோயில் காலண்டரைப் பார்த்து அமைத்தது, எல்லாம் நான். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். இந்தச் சேற்றுக் கரையில் இது நடக்காது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவர் காரில் ஏறும்போதே என் பம்ப் ஓடத் தொடங்கிவிட்டது.

படிப்பு ஆறாம் வகுப்பு. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளி. பதினைந்து வயதில் ஈயம் எடுக்கும் குட்டையில் பம்ப் பார்க்கப் போனேன். ஈயம் முடிந்ததும் ஜெராமுக்கு வந்து இருபது வருடம் இறால் குட்டை. பம்ப் முத்து என்றால் இந்தக் கரையில் தெரியாதவர் கிடையாது. ஓடாத பம்பின்மேல் கையை வைத்தாலே எந்தப் பக்கம் நோவு என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்தப் பவளக் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். குழாய் பொருத்துவதும் விளக்கு மாற்றுவதும் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அந்த நாளில் என் கை ஒரு வால்வின்மேல் இருந்தது.

அதற்கு முன் நீங்கள் வளர்க்கப் போகிற உயிர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவள் மலர்விழி. செரண்டாவில் தொழிற்சாலை வேலை பார்த்தவரின் மகள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில்தான் வருவாள். முதல் நாள் வந்து இறங்கியதும், தொட்டியில் இருந்த ஒன்றைக் காட்டி என்னைக் கேட்டாள்:

“அங்கிள், இது என்னா சொல்லுங்க பாப்போம்?”

“கல்லு.”

“தப்பு.”

“அப்ப செடி. ஒட்டிக்கிட்டு நிக்குது, வெளிச்சம் வேணும்னு வேற சொல்றே.”

“அதுவும் தப்புலா. ஆனா ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் சரி.”

“ஏம்மா, கேக்குறவனக் குழப்புறதுக்குத்தான் டாக்டர் பட்டம் தர்றாங்களா?”

அவள் சிரித்துவிட்டு, தன் பெரிய லென்ஸை என் கையில் கொடுத்தாள். அன்றைக்குப் பகல் சாப்பாட்டை மறந்து நின்றேன். அது காலிபிளவர் பவளம். கடலில் ஆள் ஆழம், இரண்டு ஆள் ஆழத்திலேயே வளர்வது. தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பு நிறக் காலிபிளவர்தான். லென்ஸில் பார்த்தால் அதன் கிளையெங்கும் எள் அளவில் ஆயிரக்கணக்கான உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகள். மலர் அதைப் பாலிப் என்பாள். நான் பூ என்று சொல்லிப் பழகிவிட்டேன். தின்பதும் அந்த வாயால்தான், கழிப்பதும் அதே வாயால்தான். வேறு வழி கிடையாது. எனக்குத் தெரிந்து இவ்வளவு சிக்கனமாகக் குழாய் வேலை செய்த வீடு வேறு இல்லை.

பூவின் தோலுக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி. வெளிச்சத்தில் அது சமைக்கிறது, பூ சாப்பிடுகிறது. பழுப்பு நிறமே அந்தக் குடித்தனக்காரனுடையதுதான். பூவுக்குச் சொந்த நிறம் கிடையாது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் இருவருக்கும் ஒத்துப்போகாது. பாசி வெளியேறிவிடும், பூ வெளுத்துவிடும், பிறகு பட்டினி.

கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பூ தனக்கு அடியில் சுண்ணாம்பைக் கக்குகிறதாம். கக்கிக் கக்கித் தரையை உயர்த்தி அதன்மேல் ஏறி உட்காருகிறது. நாம் வீடு கட்டி உள்ளே போகிறோம், இது வீட்டைக் கட்டி மேலே இருக்கிறது. நாம் கல் என்று தொடுவதில் தோல் அளவுதான் உயிர், மீதியெல்லாம் பழைய தரை. ஒரு பூ பக்கத்தில் இன்னொரு பூவை முளைக்க விடும். அது இன்னொன்றை. எல்லாம் ஒரே ஆள்தான். ஆயிரம் வாயுள்ள ஒரே ஆள்.

இப்படி முளைப்பது ஒரு வழி. பிள்ளை பெறுவது இன்னொரு வழி. இந்தச் சாதிப் பவளம் குஞ்சை வயிற்றிலேயே வைத்து வளர்த்து வாய் வழியே விடும். எங்கள் கொட்டகையில் அமாவாசை கழிந்த சில நாட்களில், விடிகிற நேரத்தில் விட்டது. அரிசிக் குருணையைவிடச் சின்னது, நீள்வட்டமாக இருக்கும். பிறக்கும்போதே தாயின் பாசியைக் கட்டுச்சோறு மாதிரி உள்ளே கொண்டு வருகிறது. நீந்திப் போய் இடம் தேடும். எந்த இடத்திலும் உட்காராது. பாறையில் இளஞ்சிவப்பாகப் படியும் ஒரு பாசி இருக்கிறது, அது படர்ந்த இடமாகப் பார்த்துத் தடவித் தடவி அலையும். பிடித்துவிட்டால் வாயை மேலே வைத்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மறுநாளே அடியில் நட்சத்திரம் போலச் சுண்ணாம்புக் கோடுகள் விழும். அதோடு சரி. ஆயுளுக்கும் அந்த இடம்தான். அப்படித்தான் அன்று எனக்குச் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

எங்கள் ஐந்தாம் தொட்டியில் ஐந்து தாய்ப் பவளங்கள் இருந்தன. கிழக்குக் கரையில் ஒரு தீவுக்கு அருகில், ஆழமில்லாத ஒரு திட்டிலிருந்து அனுமதி வாங்கி மலரே முழுகி எடுத்து வந்தவை. மறு வருடம் கடல் சூடாகி அந்தத் திட்டு முழுதும் வெளுத்துப்போனது. அவள் போய்ப் பார்த்தபோது அந்தச் சாதி அங்கே ஒன்றுகூட உயிரோடு இல்லை. திரும்பி வந்து ஐந்தாம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள், “இந்த அஞ்சுதான் அங்கிள் மிச்சம்” என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை என் பொறுப்பில் விட்டாள். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை.

இனி என் தப்பு.

தண்ணீரின் உப்பை நான் நாக்கில் பார்ப்பேன். இறால் குட்டையில் பழகியது. விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் போதும், மழைத் தண்ணீர் கலந்திருக்கிறதா, அலைத் தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். மலர் ஓர் உப்பு மீட்டர் வாங்கி வைத்திருந்தாள். சின்னத் தொலைநோக்கி மாதிரி இருக்கும். ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். நாக்கு இல்லாதவனுக்குத்தான் அது என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். கடைசி ஒன்பது நாள் சாப்பாட்டில் உப்பு சேர்ப்பதில்லை, அது எங்கள் வீட்டு வழக்கம். மலர் பத்து நாள் பயிற்சிக்குத் திரங்கானு போகிறாள். போகும்போது கேட்டாள்:

“அங்கிள், உப்பில்லா விரதத்துல தொட்டித் தண்ணிய நக்கினா விரதம் கெட்டுடாதா?”

“துப்பிட்டா கெடாது.”

“முருகன் ஒத்துக்குவாரா?”

“அவரு ஒத்துக்கிட்டாரு. நீதான் ஒத்துக்க மாட்டேங்கிறே.”

“மீட்டர்ல பாருங்க. காலைல பாத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. பிளீஸ் லா.”

அவள் போன மறுநாளே நல்ல தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் பழுதாகிவிட்டது. பழுது பார்ப்பவன் வர ஒரு வாரம் ஆகும் என்றான். அது கடும் வெயில் காலம். தொட்டி சூடாகக் கூடாது என்று மேலே விசிறிகள் இரவு பகலாக ஓடின. தண்ணீர் மட்டம் தினமும் இறங்கியது. நான் என்ன செய்தேன்? குறைந்த அளவுக்குத் தெளிந்த கடல் தண்ணீரை ஊற்றினேன். இறால் குட்டையில் அப்படித்தான். தண்ணீர் குறைந்தால் மதகைத் திறந்து கடலை உள்ளே விடுவோம். ஆனால் குட்டையில் பழைய தண்ணீர் வெளியே போய்க்கொண்டும் இருக்கும். மூடிய தொட்டியில் காற்றோடு போவது வெறும் தண்ணீர்தான். உப்பு அங்கேயே தங்கிவிடும். நான் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் அந்த உப்பின்மேல் இன்னும் உப்பு.

இதில்தான் வேடிக்கை. என் நாக்கு பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாளே, கரிக்கிறது என்று சொன்னது. ஐந்தாம் நாள் முகம் சுளித்துத் துப்பினேன். ஆனால் அந்த நாட்களில் எனக்கு வாழைப்பழமே உப்புக் கரித்தது. விரத நாக்கு, எல்லாம் கரிக்கத்தான் செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் நம்பிய நாக்கை, நம்பியிருக்க வேண்டிய வாரத்தில் நம்பவில்லை. அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. தினமும் காலையில் மலருக்கு ‘உப்பு ஓகே’ என்று மெசேஜ் மட்டும் போட்டேன்.

எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு ஐந்தாம் தொட்டிக்கு வந்தேன். முதல் நாள் பழுப்பாக இருந்த ஐந்து தாய்களும், தேங்காய்த் துருவியில் யாரோ சுரண்டிவிட்டது போல, திட்டுத்திட்டாக வெறும் வெள்ளைக் கல்லாக நின்றன. தண்ணீர் முழுக்கப் பழுப்புத் தூள் மிதந்தது.

முதலாளி பாய் என் பின்னாலேயே வந்தார். குவாலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடையில் வந்த லாபத்தில்தான் இந்தக் கொட்டகையை நடத்தினார். அன்று மூன்று மணிக்குத் தீவிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. எங்கள் பவளத்தைக் கடலில் நடுவதற்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறவர்கள்.

“என்னப்பா முத்து, இது?”

“செத்துப்போச்சு போல பாய்.”

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம்தான். வியாபாரி இல்லையா.

“செத்தது செத்துப்போச்சு. வந்தவங்க கண்ணுல இது படக்கூடாது. வால்வத் தொற. தொட்டியக் கழுவி, பக்கத்துத் தொட்டிப் பவளத்துல நாலு எடுத்து இங்க வை. மூணு மணிக்குள்ள முடியுமா?”

“முடியும் பாய்.”

ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. தண்ணீர் போனால் உப்பும் அதோடு போய்விடும். மலர் வந்து கேட்டால், வெயில் தாங்காமல் செத்துவிட்டது என்று சொல்லலாம். நான் அனுப்பிய ‘உப்பு ஓகே’ எல்லாம் ஓகேயாகவே இருந்துவிடும். வால்வைப் பிடித்துக் கால் சுற்றுத் திருகினேன். தண்ணீர் வாய்க்காலில் விழுகிற சத்தம் கேட்டது.

இறால் குஞ்சுத் தொட்டியைக் காலி செய்வதற்கு முன் ஒரு கிளாஸ் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். செத்தது எது, மயங்கியது எது என்று பார்த்துக்கொள்ள. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகவே மொண்டது. வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே பிடித்தேன்.

செத்த தூள் கிளாஸில் கலங்கும், பிறகு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதுவும் அடியில் போனது, ஆனால் படுக்கவில்லை. கிளாஸுக்குள் தண்ணீர் அசையாமல் நின்ற பிறகும் ஒவ்வொரு துகளும் தானே சுழன்றது. ஒன்று இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம். சட்டைப் பையில் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு பார்க்கும் பூதக்கண்ணாடி இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு வாய். வாயைச் சுற்றிக் கைகள். உள்ளே அந்தப் பழுப்புக் குடித்தனக்காரன் அப்படியே.

வீடுதான் செத்திருந்தது. வீட்டுக்காரர்கள் வெளியே வந்திருந்தார்கள்.

ஓடிப்போய் வால்வை மூடினேன். மூடியதும் இன்னொன்று தெரிந்தது. அந்தத் துகள்கள் தொட்டியின் மூலையில் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன, பம்பின் வாய்க்கு. அந்தப் பக்கம் வெளியே வந்த தண்ணீரில் துகள் இல்லை, கூழ்தான் இருந்தது. என் பம்ப் அவற்றை அரைத்துக்கொண்டிருந்தது.

தம்பிகளே, தங்கச்சிகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இறால் வேலையில் வேதம் மாதிரி ஒன்று உண்டு: எது நின்றாலும் பம்ப் நிற்கக் கூடாது. தண்ணீரில் காற்றைக் கலக்கும் காற்றாடி நின்றுபோய் ஒரு குட்டை இறால் முழுதும் செத்து மிதந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். புயல் மழையில் என் மகளின் நிச்சயதார்த்தத்தை விட்டுவிட்டுப் போய் பம்பை ஓட வைத்தவன். அப்படிப்பட்டவன் அன்று ஐந்தாம் தொட்டியின் பம்பை நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை, எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நிறுத்தினால் மூச்சு முட்டிச் சாகலாம். நிறுத்தாவிட்டால் அரைபட்டுச் சாவது நிச்சயம். ‘லாம்’ என்கிற பக்கம் சாய்ந்தேன். அவ்வளவுதான் கணக்கு.

சத்தம் நின்றதும் பாய் ஓடி வந்தார்.

“ஏம்ப்பா பம்ப நிறுத்தினே? உனக்குப் பைத்தியமா? தண்ணியும் போகல, தொட்டியும் கழுவல!”

“பாய், இதுங்க சாகல.”

“வெள்ளையாக் கெடக்குதே, கண்ணு தெரியல?”

“கல்லு வெள்ளையாக் கெடக்குது. உசுரு தண்ணில நிக்குது. கொஞ்சம் பொறுங்க, மலருக்குப் போன் அடிக்கிறேன்.”

மலர் உடனே எடுத்தாள். நான் பார்த்ததைச் சொன்னேன். மெதுவாகக் கேட்டாள்:

“உப்பு எவ்ளோ அங்கிள்?”

“கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.”

“கொஞ்சம்னா? மீட்டர்ல எவ்ளோ?”

அலமாரியைத் திறந்தேன். உறை பிரிக்காத மீட்டர். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தேன். முப்பத்து மூன்றில் நிற்க வேண்டிய கோடு நாற்பத்து மூன்றில் நின்றது. சொன்னேன்.

“நேத்து?”

“நேத்துப் பாக்கல.”

“ஓகேன்னு போட்டீங்களே.”

“நாக்குல பாத்தேன்.”

“ஏழு நாளும்?”

பாய் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, மூச்சை இழுத்து விட்டுப் பேசினாள். இந்தச் சாதிப் பவளம் தாங்க முடியாத தொல்லை வந்தால் பூப்பூவாகப் பிரிந்து கல்லை விட்டு வெளியேறும் என்று படித்திருக்கிறாளாம், பார்த்ததில்லையாம். வெளியே வந்தவற்றில் ரொம்பக் கொஞ்சம்தான் மறுபடி எங்காவது ஒட்டுமாம். பல நேரம் ஒன்றுகூட ஒட்டாதாம். “ஆனா பம்ப நிறுத்தினது சரி அங்கிள். ரொம்பச் சரி. இப்ப உப்பக் கொறைக்கணும். மெதுவா, ரொம்ப மெதுவா. நல்ல தண்ணி இருக்கா?”

இல்லை. இயந்திரம்தான் பழுதாயிற்றே.

போனை வைத்தேன். பாயைப் பார்த்துச் சொன்னேன்: “பாய், இது வெயில் இல்ல. என் தப்பு. நான் அளக்கல. அளந்த மாதிரி மெசேஜ் போட்டேன்.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் கையை நீட்டினார்.

“அந்தக் கிளாசக் குடு.”

கிளாஸையும் பூதக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு வாசல் வெயிலில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அவருடைய தகப்பனார் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர்.

“எங்க வாப்பா ஊர்ல இந்தக் கல்ல வெச்சு வீடு கட்டுவாங்க முத்து. சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பாங்க. அதுக்குள்ள ஆள் இருந்ததுன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல.” கண்ணாடியை எடுக்காமலே கேட்டார்: “என்னா வேணும் உனக்கு?”

“நல்ல தண்ணி. வெள்ளையா, அகலமாக் கிண்ணம், எத்தனை இருக்கோ அத்தனை. ஆஸ்பத்திரியில டிரிப் போடுவாங்களே, அந்தக் குழாய்.”

அரை மணி நேரத்தில் கடை வேன் வந்தது. குடிதண்ணீர்ப் போத்தல்கள், ஆட்டு சூப் பரிமாறும் வெள்ளைப் பீங்கான் மங்குக் கிண்ணங்கள் நாற்பது. குழாயை மருந்துக் கடையில் வாங்கி வந்தார்கள். கிண்ணத்தில் சோப்பு வாடை போகக் கழுவி, அதில் அந்தத் தொட்டித் தண்ணீரோடு பூக்களை மொண்டு விட்டேன். தொட்டிக்கு ஒரு குழாய், கிண்ணத்துக்கு ஒரு குழாயாகச் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர். இறால் குஞ்சை ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் பழக்குவது இப்படித்தான். இது எனக்குத் தெரிந்த வேலை. ஒவ்வொரு மணிக்கும் மீட்டரில் பார்த்து மலருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வெறும் ‘ஓகே’ அனுப்பவில்லை.

மூன்று மணிக்குத் தீவு ஆட்கள் வந்தபோது கொட்டகை, கல்யாணப் பந்தி மாதிரி கிண்ணமாகக் கிடந்தது. பாய் வாயைத் திறப்பதற்குள் நானே எனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர்களோடு வந்த பெண்மணி ஒருவர் மட்டும் என் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஒரு கிண்ணத்துக்கு முன் குந்திவிட்டார். கூப்பிட்டும் எழவில்லை. அன்றைக்கு அவர்கள் முடிவு சொல்லாமல் போனார்கள். மூன்று மாதம் கழித்து, அந்தப் பூக்கள் என்ன ஆயின என்று கேட்டு அந்தப் பெண்மணியே போன் செய்தார். எங்களிடம் பவளம் எடுத்ததும் அவர்கள்தான்.

மலர் மறுநாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். எல்லாக் கிண்ணங்களையும் பார்த்து முடித்துவிட்டு, மீட்டரில் ஒரு கயிற்றைக் கோத்து என் கழுத்தில் மாட்டினாள்.

“இனிமே இதுதான் உங்க தாலி அங்கிள். கழட்டினீங்கன்னா பாருங்க.”

கழற்றவில்லை. இதை எழுதும்போதும் மேசைமேல் இருக்கிறது.

ஐந்து தாய்களும் போய்விட்டன. கிண்ணத்தில் எடுத்த பூக்களிலும் தினமும் பாதி கரைந்துகொண்டே இருந்தது. இளஞ்சிவப்புப் பாசி பிடித்த ஓட்டுத் துண்டுகளைக் கிண்ணத்துக்குள் வைத்தோம். தைப்பூசத்தன்று காவடி எடுத்தேன். என்ன வேண்டினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தபோது மலர் வாசலிலேயே நின்றாள். “அங்கிள், ஒண்ணு நகர மாட்டேங்குது!” என்றாள். பிழிகுழலால் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தோம். நகரவில்லை. ஒட்டியிருந்தது.

கடைசியில் ஒட்டியவை பதினொன்று. பத்து ஓட்டில். ஒன்று மட்டும், அவ்வளவு நல்ல ஓடு பக்கத்தில் இருக்க, மங்குக் கிண்ணத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டது. அதை எடுக்கவும் முடியவில்லை, கிண்ணத்தைப் பாய்க்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. இரண்டு மாதத்தில் அடியில் வெள்ளை நட்சத்திரம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு வாய் முளைத்தது. பிறகு நான்கு, எட்டு. இரண்டு வருடத்தில் கிண்ணத்தை மீறி வளர்ந்துவிட்டது. அமாவாசை கழிந்த ஒரு விடியலில் அது குஞ்சும் விட்டது. அந்தக் குஞ்சுகள் ஒட்டிய ஓடுகள்தான் கிழக்குக் கரைத் திட்டுக்குத் திரும்பப் போயின.

என் மண்டையில் இன்னும் ஓடுவது ஒன்றுதான். கிண்ணத்தில் இருப்பது அந்தத் தாயின் பிள்ளை இல்லை. பிள்ளை என்றால் குஞ்சாகப் பிறந்திருக்க வேண்டும். இது தாயேதான், ஆயிரம் வாயில் ஒரு வாய், பழைய தரையை விட்டுவிட்டுப் புதிதாகத் தரை போட ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் அதற்கு வயது என்ன? ஐந்தாம் தொட்டிக்கு வந்த நாளிலிருந்தா, கடலில் முதலில் ஒட்டிய நாளிலிருந்தா? மலரிடம் கேட்டேன். “நல்ல கேள்வி அங்கிள்” என்றாள். படித்தவர்கள் அப்படிச் சொன்னால் பதில் தெரியாது என்று அர்த்தம்.

தோட்டம் மூடி லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய நம் சனத்தோடு இதை ஒப்பிட்டு ஒரு தம்பி கூட்டத்தில் பேசினார். கைதட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. பவளத்தைப் பவளமாகப் பாருங்கள். பார்த்து முடியாத அளவுக்கு அதிலேயே இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கை தெரிந்ததையே செய்யும், அதனால் அளந்து பாருங்கள். அளந்த பிறகும் காலி செய்வதற்கு முன் ஒரு கிளாஸ் மொண்டு பாருங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாததால் ஐந்து தாய் போனது, இன்னொன்றைச் செய்ததால் பதினொன்று மிஞ்சியது.

கடைசியாக ஒரு விஷயம். அந்தக் கிண்ணம் இப்போது கொட்டகை வாசலில் தனித் தொட்டியில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. பவளத்தின் பெயர் இருக்கிறது. திட்டின் பெயர் இருக்கிறது. பாயின் நிறுவனம், பல்கலைக்கழகம், டாக்டர் மலர்விழி, விளக்கு கொடுத்த கம்பெனிகூட இருக்கிறது. அதற்குக் கீழே ‘மற்றும் பணியாளர்கள்’.

‘மற்றும் பணியாளர்கள்’ என்பது நான் இல்லை. எனக்குப் பெயர் இருக்கிறது. பம்ப் முத்து என்றும் போட வேண்டாம், முழுப் பெயராகப் போடுங்கள். தமிழிலும் போடுங்கள். இரண்டே வரிதான் கேட்கிறேன்:

ஐந்தாம் தொட்டியில் உப்பை ஏற்றியவர்: காளிமுத்து த/பெ வீரன்.

வால்வை மூடியவர்: காளிமுத்து த/பெ வீரன்.

இரண்டு வரியும் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன். அதைச் சுவரில் முடுக்கியவனும் நான்தான்.